‘சொந்த ஊர்’ என்னும் கட்டம்

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் எங்கள் பங்கில் குடும்பக் கணக்கெடுப்பு நடைபெற்றது. ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால், ஆத்தூரின் ஒரு பகுதியைப் பங்குத்தந்தை என்னிடம் ஒப்படைத்தார். குடும்பத் தலைவர் பெயர், திருமுழுக்குப் பெற்ற நாள், திருமண நாள், தொழில், அன்பியம் என்று வரிசையாகக் கட்டங்கள் கொண்ட படிவம் அது. கடைசியில் ‘சொந்த ஊர்’ என்று ஒரு சிறிய கட்டம். சென்ற வீடுகளிலெல்லாம் அந்தக் கேள்விக்கு யாரும் தயங்கியதில்லை.

எங்கள் ஆலயத்தின் பின்புறத்தில், தீர்த்தத் தொட்டியின் அருகே, ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் நின்றுகொண்டே திருப்பலி காண்பார்கள். சுற்றுவட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் வேலை செய்யும் வடமாநிலத்தார். பாடல்களின் சொற்கள் அவர்களுக்குத் தெரியாது. இராகத்தை மட்டும் மெல்ல முணுமுணுப்பார்கள். இரண்டு ஆண்டுகளாக அவர்களைக் கடந்து முன்வரிசைக்குப் போய் அமர்ந்து வந்தவன் நான். கணக்கெடுப்பு முடியும் தறுவாயில், ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவர்களில் ஒருவர் என்னிடம் வந்தார்.

“சார், எங்க பேரு எழுத மாட்டீங்களா?”

வெட்கத்தோடு ஒரு படிவத்தை எடுத்தேன். பெயர் சொன்னார். திருமுழுக்குப் பெற்ற ஆலயத்தின் பெயரையும் சொன்னார். ‘சொந்த ஊர்’ என்ற கட்டம் வந்தபோது நின்றார். “எந்த ஊர் எழுதணும் சார்? நான் பொறந்த ஊரா? எங்க தாத்தா ஊரா? இப்ப இருக்கற ஊரா?”

அவர் பிறந்தது அஸ்ஸாமில், சோனித்பூர் மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அவருடைய பாட்டனாரின் தகப்பனாரை ராஞ்சிப் பக்கத்துக் காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சர்தார் அங்கே ஆள் சேர்த்துக்கொண்டு போனாராம். ராஞ்சிப் பக்கத்து ஊரை இவர் கண்டதில்லை. ஆனால் வீட்டில் இன்றும் பேசுவது அந்த ஊர் மொழியைத்தான். இப்போது இரண்டு ஆண்டுகளாக ஆத்தூரில் இருக்கிறார்.

என் எழுதுகோல் நின்றுவிட்டது. ஏனெனில் இதே கட்டம் என் அப்பாயியின் வாழ்க்கையிலும் ஒருமுறை நிரப்பப்பட்டது. அன்று, எந்த ஊர் எழுதுவது என்று கேட்க அவருக்கு இடம் இருக்கவில்லை.

அப்பாயி 1918-இல் இலங்கை மலைநாட்டுத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் ஆத்தூருக்கு அருகே உள்ள சிற்றூரிலிருந்து, கங்காணி ஒருவரின் பின்னால் மண்டபம் வழியே போனவர். 1948-இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியபோது, தோட்டத்துத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். அந்த மண்ணில் பிறந்திருந்தும், தகப்பனார் பிறந்தது இந்தியாவில் என்பதால் அப்பாயியும் அவர்களில் ஒருவரானார். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கில் எடுத்துப் பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. என் அப்பாயி இந்தியப் பங்கில் வந்தார். அவருடைய தங்கை, எங்கள் சின்ன அப்பாயி, இலங்கைப் பங்கில் நின்றார். ஒரே லயத்தில் பிறந்த இருவர் இரண்டு நாட்டுக் கணக்குகளில் இரண்டு எண்கள் ஆனார்கள்.

1972-இல், எனக்கு ஏழு வயதிருக்கும்போது, தலைமன்னாரிலிருந்து ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேசுவரம் வந்து இறங்கினோம். கையில் இருந்த தாளில் அப்பாயியின் சொந்த ஊர் என்று எழுதப்பட்டிருந்தது, அவர் ஒருநாளும் காணாத அந்த ஆத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்தான். போய்ச் சேர்ந்தோம். எங்களை அறிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. ஒரு கிழவர் மட்டும், “உங்க பாட்டன் பேரு கேள்விப்பட்ட மாதிரி இருக்குது” என்றார். சில மாதங்களில் ஆத்தூருக்கே குடிபெயர்ந்தோம். என் தந்தைக்கு ஜவ்வரிசி ஆலையில் வேலை கிடைத்தது. மலைநாட்டில் ‘இந்தியாக்காரி’ என்று அழைக்கப்பட்ட அப்பாயி, இங்கே சாகும்வரை ‘சிலோன்காரி’யாகவே இருந்தார்.

இந்தப் பின்னணியோடுதான் 1989-இல் எம்.பில். பட்டத்துக்காக, சேலம் மாவட்டத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்த இடப்பெயர்வைப் பற்றி ஆராயத் தொடங்கினேன். என் துறை பொருளியல். அதில் ஹாரிஸ், தொடாரோ என்ற இருவர் 1970-இல் தந்த கோட்பாடு அப்போது எங்களுக்கு வேதவாக்கு. ஒருவன் தன் ஊரில் பெறும் கூலியையும், போகும் இடத்தில் கிடைக்கக்கூடும் என்று எதிர்பார்க்கும் கூலியையும் ஒப்பிட்டுப் பார்த்தே புறப்படுகிறான் என்பது அதன் சாரம். நான் இரு கரையின் கூலிகளையும் அட்டவணையிட்டேன். கணக்கு அழகாக வந்தது. பெருமையோடு அப்பாயியிடம் சொன்னேன்.

அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்: “கூலியப் பாத்தா போனாங்க? தாது வருசப் பஞ்சத்துல நிலம் போச்சு. நிலம் போன பொறவு எங்கப்பாரு பொறந்தாரு. போறதுக்கு ஒரு கங்காணி வந்தான், போனாரு. அவ்வளவுதான் கண்ணு.”

1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தை நம் மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று சொல்வார்கள். 1871-க்கும் 1881-க்கும் இடையே சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்பதைப் பின்னர் வரலாற்று நூல்களில் படித்தேன். பஞ்சம் முடிந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒருவர் புறப்படுகிறார். அவரைத் தள்ளியது அந்தப் பஞ்சம்தான். அன்றைய கூலியை மட்டும் பார்த்த என் அட்டவணையில் அதற்கு இடம் இல்லை. பொருளியல் பொய் சொல்லவில்லை. புறப்பட்ட நாளுக்கு முந்திய நாட்களை அது கேட்கவில்லை.

வரலாற்றுத் துறை முந்திய நாட்களைக் கேட்டது. ஆவணங்களைத் தேடினேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ‘தகரத் துண்டு’ முறையைப் பற்றி அங்கே படித்தேன். தோட்டத்தின் எண்ணும் தொழிலாளியின் எண்ணும் பொறித்த சிறு தகடு அது; அதைக் காட்டினால் வழிச்செலவு நடக்கும்; அந்தச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். மண்டபம் முகாமில் சில நாள் தடுத்து வைத்து நோய் பார்ப்பார்கள். அந்த முகாமை மருத்துவ வரலாற்றார் காலராவின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பார்கள். சட்டம் படித்தவர் கடன், ஒப்பந்தம் என்று பார்ப்பார். நிலவியலார் வரைபடத்தில் ஓர் அம்புக்குறி வரைவார். ஆவணங்களில் ஆயிரக்கணக்கான தலைகள் எண்ணப்பட்டிருந்தன. அப்பாயியின் தகப்பனார் பெயரை நான் எதிலும் காணவில்லை.

மக்கள்தொகையியலில் ராவென்ஸ்டைன் என்பவர் 1885-இல் எழுதிய கட்டுரை ஒன்று புகழ்பெற்றது. புறப்படுவோரில் மிகுதியானவர் நெடுந்தொலைவு போவதில்லை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு. குறுந்தொலைவில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக இடம்பெயர்கிறார்கள் என்றெல்லாம் அவர் விதிகள் வகுத்தார். கடைசி விதியைப் படித்தபோது நான் நம்பவில்லை. கப்பலேறிப் போனவரைப் பற்றி ஆராய்கிறவனுக்கு, பக்கத்து ஊருக்குப் போனவர் ஒரு பொருட்டா?

ஒருநாள் அப்பாயியிடம் கேட்டேன். “உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது எப்ப அப்பாயி? கப்பல் ஏறினப்பவா?”

“கப்பல்ல நீங்கல்லாம் எங்கூட இருந்தீங்களே. கல்யாணம் ஆகி எங்கப்பன் தோட்டத்த விட்டு அடுத்த மலைக்கு நடந்து போனேன் பாரு, அன்னிக்குத்தான் எனக்கு ஊரு போச்சு.”

இரண்டு தோட்டங்களுக்கும் இடையே ஒரு பள்ளத்தாக்குத்தான். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தோர் 45 கோடிக்கு மேல்; அவர்களில் பெண்களே மிகுதி; அந்தப் பெண்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் திருமணம். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இடம்பெயர்ந்தவர் ஒருவர் அடுப்படியில் நிற்கிறார். அவரை நாம் அப்படி எண்ணுவதில்லை.

நம் இலக்கியம் இதைப் பழைய நாளிலேயே வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தது. பொருள் தேடிப் பிரிவதைச் சங்கப் புலவர்கள் பாலைத் திணையில் வைத்தார்கள். போனவன் எவ்வளவு ஈட்டினான் என்று அவர்கள் எழுதவில்லை; வாசலில் நின்றவள் என்ன ஆனாள் என்று எழுதினார்கள். புதுமைப்பித்தன் தேயிலைத் தோட்டத்தைப் பற்றித் ‘துன்பக்கேணி’யை எழுதினார். இவையெல்லாம் இலக்கியம், ஆராய்ச்சிக்கு ஆகா என்று அன்று ஒதுக்கினேன். அதன் விலையை இனிச் சொல்ல வேண்டும்.

சின்ன அப்பாயி மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று அப்பாயிக்குக் கடிதம் எழுதுவார். அவருக்கு எழுதத் தெரியாது. தோட்டத்துப் பள்ளிப் பிள்ளை எவரேனும் எழுதிக்கொடுக்கும். நீல நிற விமானத் தபால் தாள்கள். கொழுந்தின் விலை, மழை, யாருக்குக் கல்யாணம், எந்தக் குடும்பம் அடுத்த கப்பலுக்குப் போகிறது, லயத்தின் எந்த அறை காலியாயிற்று, 1977-இல் நடந்த கலவரம், 1983-இல் நடந்தது எல்லாம் அதில் இருந்தன. அப்பாயி அவற்றை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுவேன். ஆனால் என் ஆய்வேட்டில் அவற்றிலிருந்து ஒரு வரியும் இல்லை. கடிதம் எப்படித் தரவு ஆகும்?

1994-இல் அப்பாயி காலமானார். இரண்டு ஆண்டு கழித்து வீடு மாற்றும்போது, கரையான் தொட்ட தாள்களோடு சேர்த்து அந்தக் கடிதங்களையும் பழைய காகிதக்காரருக்கு எடைபோட்டுக் கொடுத்தேன். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், தாமஸ், ஸ்நானியெத்ஸ்கி என்ற இருவர் போலந்து நாட்டுக் குடியானவர்கள் அமெரிக்கா போனதைப் பற்றி 1918 முதல் 1920 வரை வெளியிட்ட பெருநூலைப் பற்றி அறிந்தேன். சமூகவியலில் அது ஒரு மைல்கல். அதன் உயிர், கடல் கடந்து போனவர்களுக்கும் ஊரில் நின்றவர்களுக்கும் இடையே நடந்த நூற்றுக்கணக்கான கடிதங்கள். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பட்டம் பெறுவதற்காக ஆவணக் காப்பகங்களைத் தேடி அலைந்தவன், தன் வீட்டுக் காப்பகத்தை எடைக்குப் போட்டிருந்தேன்.

துறைகளின் மேல் எனக்குக் குறை இல்லை. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வேலி போட்டுக்கொண்டால்தான் உள்ளே உழ முடியும். ஆனால் இடம்பெயர்கிறவரின் இயல்பே வேலியைத் தாண்டுவது. அவரைப் பார்க்க வேண்டுமென்றால், பார்க்கிறவரும் அவ்வப்போது தம் வேலியைத் தாண்ட வேண்டியிருக்கிறது. 2006-ஐ ஒட்டி மிமி ஷெல்லர், ஜான் அரி போன்ற சமூகவியலார், ‘ஊரில் இருப்பதே இயல்பு, நகர்வது விதிவிலக்கு’ என்ற எண்ணத்தையே கேள்விக்கு உட்படுத்தினர். நகர்வோரையும் நகர இயலாதோரையும், சாலையையும் கடிதத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்றனர். 2016-17-ஆம் ஆண்டின் நடுவண் அரசுப் பொருளாதார ஆய்வறிக்கை, தொடர்வண்டிப் பயணச்சீட்டு விற்பனையைக் கொண்டே கணக்கிட்டு, வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போவோர் ஆண்டுக்குச் சுமார் 90 இலட்சம் பேர் என்று மதிப்பிட்டது. குடிக்கணக்கின் வழியே கண்டதைவிட இது மிகுதி. கேள்வி மாறினால் எண்ணும் மாறுகிறது.

எத்தனை நாள் இருந்தால் ஒருவர் அந்த ஊரார்? இதற்கும் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விடை. ஐக்கிய நாடுகள் அவையின் வரையறைப்படி, வேறொரு நாட்டில் ஓராண்டாவது தங்கினால்தான் நெடுங்காலக் குடிபெயர்ந்தவர். 2007-08-இல் நம் தேசிய மாதிரி ஆய்வு ஆறு மாதத்தை அளவாக வைத்தது. 1979-இல் வந்த மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தக்காரரையும் பதிவேட்டையும் பற்றிப் பேசியது. 2020-இல் அது புதிய தொகுப்புச் சட்டம் ஒன்றில் அடக்கப்பட்டது. ஊர் மக்களைக் கேட்டாலோ மூன்று தலைமுறை என்பார்கள். எங்களுக்கு அதுவும் போதவில்லை.

நம் திருச்சபை என்ன சொல்கிறது? அந்த இளைஞரின் படிவம் என் மேசையில் கிடந்த வாரத்தில்தான் இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது. பங்குத்தந்தையிடம் கேட்டேன். அவர் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பைத் திறந்து காட்டினார். ஒரு பங்கில் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ, ஐந்தாண்டு முழுதும் தங்கினாலோ அது அவருடைய நிலையான உறைவிடம். மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ, மூன்று மாதம் தங்கிவிட்டாலோ அதுவும் ஓர் உறைவிடமே. எங்கும் நிலையாகத் தங்காமல் அலைகிறவருக்கும், அவர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறாரோ அந்தப் பங்கின் குருவே சொந்தக் குரு. நான் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தேன். மூன்று மாதம்! இரண்டாண்டுகளாகத் தீர்த்தத் தொட்டியின் அருகே நின்றவர்கள் விருந்தினர் அல்லர். சட்டப்படியே எங்கள் பங்கு மக்கள்.

அதே நூல் இன்னொன்றையும் சொல்கிறது. ஒருவர் எந்த ஊரில் திருமணம் செய்தாலும், அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள திருமுழுக்குப் பதிவேட்டில் அவர் பெயரின் அருகே குறிக்கப்பட வேண்டும். அப்படியானால் மலைநாட்டுக் கோவில் ஒன்றின் பழைய ஏட்டில், 1918-ஆம் ஆண்டுப் பக்கத்தில், அப்பாயியின் பெயரும் அதன் ஓரத்தில் அடுத்த மலைக்கு நடந்துபோன அந்த நாளும் இருக்கவேண்டும். உலகத்துத் துறைகள் எண்ணாகக் கண்டவரைப் பெயராகவும், அவர் போன வழியை ஓரக்குறிப்பாகவும் வைத்திருக்கும் ஏடு நம்மிடமே இருக்கிறது. அதை நாம் ஓர் அலுவலகத் தாளாக நினைத்துவிட்டோம்.

இறையியலும் ஒரு துறைதான். அது இடம்பெயர்வதை ஒரு சிக்கலாக மட்டும் பார்ப்பதில்லை, அழைப்பாகவும் பார்க்கிறது. ஆபிரகாம் தம் தந்தையின் நாட்டை விட்டவர். ரூத்து மாமியாரின் கையைப் பற்றி அயல் நாட்டுக்குப் போனவள். திருக்குடும்பம் இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடியது. 1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் குடிபெயர்ந்தோர் பற்றி வெளியிட்ட ஏட்டின் பெயரே அக்குடும்பத்தை நினைத்து இடப்பட்டது. நம் சேலம் பகுதியில் விசுவாசத்தின் தொடக்கமும் ஒரு பயணியோடு சேர்ந்தது: 1623-இல் மதுரையை விட்டுச் சேந்தமங்கலம், சேலம் என்று வடக்கே வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி இம்மண்ணில் பிறந்தவரா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டுக்கான செய்தியில் வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்துதல், ஒருங்கிணைத்தல் என்று நான்கு வினைகளை நம் முன் வைத்தார். இரண்டாண்டுகளில் முதல் வினையைக்கூட நான் செய்யவில்லை.

அந்த இளைஞர் நாள் முழுதும் கையாளும் குச்சிக்கிழங்கையே பாருங்கள். தென் அமெரிக்காவில் தோன்றிப் போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்த கிழங்கு. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1940-களில் சேலத்தில் இதிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்று நம் பகுதி ஜவ்வரிசி மகாராட்டிரத்துக்கும் வடமாநிலங்களுக்கும் போய் அங்கே நோன்பு நாளின் உணவாகிறது. கிழங்கை வந்தேறி என்று யாரும் சொல்வதில்லை. அதை ‘நம்ம ஊரு கிழங்கு’ என்றே சொல்கிறோம். அதே ஆலைகளில் ஐம்பது ஆண்டுக்கு முன் தோல் உரித்த என் தந்தையை ‘சிலோன்காரன்’ என்றார்கள். இன்று உரிக்கிறவரை ‘இந்திக்காரன்’ என்கிறோம். அவர் வீட்டு மொழி இந்தியும் அன்று.

அடுத்த ஞாயிறு அந்த இளைஞரைத் தேடிப் போய் ஆலயப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவருடைய தோழர்களும் சூழ்ந்துகொண்டார்கள். பதினோரு படிவங்கள் நிரம்பின. ஒருவருடைய மனைவியும் கைக்குழந்தையும் ஆலைக்குப் பக்கத்து அறையில் இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. குழந்தைக்கு இன்னும் திருமுழுக்கு ஆகவில்லை. “யார்கிட்ட கேக்கணும்னு தெரியல சார்” என்றார் அந்தத் தகப்பன். உயிர்ப்பு ஞாயிறன்று எங்கள் பங்கு ஏட்டில் அக்குழந்தையின் பெயர் ஏறியது. அது எங்கே போனாலும் இனி அதன் ஓரக்குறிப்புகள் ஆத்தூருக்கு வந்து சேரவேண்டும்.

முதல் இளைஞரின் படிவத்தில் மூன்று ஊர்களையும் எழுதினேன். கட்டம் சிறியது, இரண்டாவது ஊருக்கே இடம் போதவில்லை. ‘ஆத்தூர்’ என்பதை ஓரத்தில்தான் எழுத முடிந்தது. எழுதியதும் அவர் தாளை வாங்கி, எழுத்தைப் படிக்கத் தெரியாமலே, அந்த ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து ஒரு புதிய கோப்பு வாங்கி வைத்தேன். அவர்கள் தங்கள் ஊருக்கு எழுதுவது கைப்பேசியில். தாள் ஏதும் எனக்குக் கிடைக்காது. ஆனால் கேட்டால் சொல்கிறார்கள். சொல்வதை எழுதி வருகிறேன். இந்த முறை எடைக்குப் போடுவதற்கில்லை.